ஆபத்தான விலங்கு வேட்டை ரைஃபிளில் ஸ்கோப் தகராறு: அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிக்கும் வழிமுறை

ஆப்பிரிக்கக் காட்டெருமை, யானை, சிங்கம், சிறுத்தை, நீர்யானை ஆகியவற்றுக்கான உரிம வேட்டையில் பெரும்பாலான சூடுகள் 100 மீட்டருக்குள் முடிந்துவிடும். காயம்பட்ட விலங்கைப் புதருக்குள் தேடிப்போகும்போது தூரம் 10 மீட்டருக்கும் கீழே இறங்கலாம். ரைஃபிள்களோ .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் மேக்னம் (1912), .416 ரிக்பி (1911), .458 வின்செஸ்டர் மேக்னம் (1956) போன்ற பலத்த பின்னுதை உள்ளவை. கிட்டத் தூரமும் பின்னுதையும்தான் இங்கே ஸ்கோப்பைத் தீர்மானிக்கின்றன. வாங்கும்போது "எத்தனை மடங்கு வரை பெரிதாக்கும்?" என்று கேட்பதைவிட, "எத்தனை மடங்கு வரை குறைக்கலாம்? எதன்மேல் எப்படிப் பிடித்திருக்கும்?" என்று கேளுங்கள். கீழே வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டு கேள்வியையும் விட்டதால் வருபவை.

எந்தச் சோதனைக்கும் முன்னால் போல்ட்டை (தோட்டா அறையை மூடித் திறக்கும் தண்டு) திறந்து, மேகசினைக் காலிசெய்து, அறைக்குள் தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்யுங்கள்.

அறிகுறி: ரைஃபிளைத் தோளுக்குத் தூக்கினால் ஸ்கோப்பில் கறுப்பாக மட்டும் தெரிகிறது

இதில் இரண்டு வகைக் கறுப்பு உண்டு. முதலில் எது என்று பிரியுங்கள்.

வட்டம் முழுசாக, தெளிவாக இருக்கிறது, ஆனால் உள்ளே விலங்கின் தோலைத் தவிர எதுவும் புரியவில்லை என்றால் உருப்பெருக்கம் அதிகம். 3-9 ஸ்கோப்பைக் கடைசிவரை குறைத்து 3 மடங்கில் வைத்தாலும் 100 மீட்டரில் ஏறத்தாழ 11, 12 மீட்டர் அகலம்தான் தெரியும். 10 மீட்டரில் அது ஒரு மீட்டர் சொச்சம். காட்டெருமையின் தோள் உயரமே ஒன்றரை மீட்டர். உடல் நீளம் இரண்டு மீட்டருக்கு மேல். அது எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது, தோள் எங்கே, வயிறு எங்கே என்று அந்த வட்டத்துக்குள் கண்டுபிடிக்க முடியாது. 1 மடங்கில் அதே 10 மீட்டரில் நான்கு மீட்டர் அளவுக்குத் தெரியும். மாற்று வழி எதுவும் இல்லை, ஸ்கோப்பைத்தான் மாற்ற வேண்டும்: 1-4, 1-5, 1-6 ஆகியவற்றில் ஒன்று. 1.5-இல் தொடங்குவது ஏற்கத்தக்க கடைசி எல்லை. 2-இல் தொடங்குவதை .375-இல் திறந்த வெளிக்கு வைத்துக்கொள்ளலாம், புதருக்குள் வேண்டாம்.

வட்டத்தின் ஓரத்தில் பிறை வடிவில் நிழல் விழுகிறது, தலையை ஆட்டினால் நிழலும் நகர்கிறது என்றால் கோளாறு பொருத்திய விதத்தில். கண்ணை மூடிக்கொண்டு ரைஃபிளைத் தோளுக்குக் கொண்டுவந்து, கன்னம் கட்டையில் (ரைஃபிளின் பின்பகுதி, தோளில் பதிவது) படிந்த பிறகு கண்ணைத் திறங்கள்.

நிழல் மேலே அல்லது கீழே விழுந்து, தாடையைக் கட்டையிலிருந்து தூக்கினால்தான் சரியாகிறது என்றால் ஸ்கோப்பைச் சுற்றிப் பிடிக்கும் ரிங்கின் உயரம் அதிகம். இந்த ரைஃபிள்களின் கட்டை அயர்ன் சைட்டுக்காக (குழல்மேல் இருக்கும் உலோகக் குறிகாட்டி) தாழ்வாகச் செதுக்கப்பட்டது. முன்புறம் பருக்காத, நேர்க்குழாயான 24 மி.மீ. ஸ்கோப்பை எடுத்தால் இருப்பதிலேயே தாழ்ந்த ரிங்கில் உட்காரும். 50 மி.மீ. முன்கண்ணாடி வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் ரிங் உயரும், கன்னம் கட்டையை விட்டுப் பிரியும், அவசரச் சூடு மேலே போகும்.

நிழல் சுற்றிலும் வளையமாக இருந்தால் ஸ்கோப் முன்னாலோ பின்னாலோ தள்ளி நிற்கிறது. அதற்கான அளவு அடுத்த பகுதியில்.

வாங்கிய ஸ்கோப் உண்மையில் 1 மடங்குதானா என்பதையும் பார்த்துவிடுங்கள். இரண்டு கண்ணும் திறந்திருக்க, நேரான ஒரு கம்பத்தின் விளிம்பைப் பாருங்கள். ஸ்கோப்புக்குள் தெரியும் கம்பமும் வெளியே தெரியும் கம்பமும் ஒரே தடிமனில் ஒட்டிப்போனால் சரி. உள்ளே கொஞ்சம் தடித்துத் தெரிந்தால் முதலில் டையாப்டரைச் சரிசெய்யுங்கள்: வெளிர்ச் சுவரைப் பார்த்து, ரெட்டிகிள் (ஸ்கோப்புக்குள் தெரியும் குறுக்குக்கோடு) கூர்மையாகும்வரை பின்கண்ணாடி வளையத்தைத் திருப்புங்கள். ஒரு தடவைக்கு இரண்டு மூன்று விநாடிக்கு மேல் பார்க்கக் கூடாது. பார்த்துக்கொண்டே இருந்தால் கண் தானாகவே சமாளித்துக்கொண்டு பொய் சொல்லும். அதன் பிறகும் தடிமன் வேறுபட்டால் அது 1.1 மடங்கு. அதனால் பெரிய குறை இல்லை, தெரிந்து வைத்துக்கொண்டால் போதும்.

எல்லாம் சரி, ஆனாலும் சுடும் நேரத்தில் பெரிதாகவே தெரிகிறது என்றால் மடங்கை மாற்றும் வளையத்தை யாரோ ஏற்றிவைத்துவிட்டு இறக்கவில்லை. நடக்கும்போது எப்போதும் குறைந்த மடங்கு. தூரச் சூட்டுக்கு ஏற்றினால், சுட்ட கையோடு இறக்க வேண்டும். வளையத்தில் சிறு நெம்புகோல் பொருத்தலாம், ஆனால் அது போல்ட் கைப்பிடியில் இடிக்கிறதா என்று எல்லா மடங்கிலும் சோதியுங்கள்.

அறிகுறி: சுட்டதும் ஸ்கோப் விளிம்பு புருவத்தைக் கிழிக்கிறது

கண் இடைவெளி போதவில்லை. .375-க்கும் மேலே உள்ளவற்றுக்கும் எல்லா மடங்கிலும் குறைந்தது 90 மி.மீ. வேண்டும், 100 இருந்தால் நிம்மதி. விளம்பரத் தாளில் பெரிய எண்ணை மட்டும் போட்டிருப்பார்கள். மடங்கை ஏற்ற ஏற்ற இடைவெளி சுருங்கும் ஸ்கோப்புகள் உண்டு. அதிகபட்ச மடங்கில் வைத்து, முழு வட்டமும் தெரியும் இடத்தில் கண்ணை நிறுத்தி, கண்ணுக்கும் பின்விளிம்புக்கும் நடுவே ஸ்கேல் வைத்து இன்னொருவரை அளக்கச் சொல்லுங்கள்.

ஸ்கோப்பின் இடத்தை மேசையில் உட்கார்ந்து முடிவுசெய்வதுதான் வழக்கமான தவறு. மேசையில் உடல் முன்னால் சாயும், நின்றால் தலை பின்னால் போகும். அதனால் வேட்டையில் போடப்போகும் அதே உடையோடு, மூன்று கால் தாங்குகுச்சியில் ரைஃபிளை வைத்து நின்றபடி இடத்தைக் குறியுங்கள். பிறகு மேட்டை நோக்கியும் குறிவைத்துப் பாருங்கள். மேல்நோக்கிச் சுடும்போது கண் ஸ்கோப்பை நெருங்கிவிடும். படுத்த நிலையிலும் இதே கதை. மூன்று நிலையிலும் 90 மி.மீ. மிஞ்சினால்தான் திருகை இறுக்கலாம்.

இடைவெளி சரியாக இருந்தும் அடிபட்டால் ரைஃபிளின் கட்டை உங்கள் கைக்குக் குட்டையாக இருக்கலாம், அல்லது தோளில் தளர்வாகப் பிடிக்கிறீர்கள். பின்கண்ணாடியைச் சுற்றி ரப்பர் வளையம் போடுவது காயத்தைக் குறைக்கும்; காரணம் அப்படியே இருக்கும்.

அறிகுறி: சூடு ஓரிடத்தில் நிற்காமல் அலைகிறது

பலத்த பின்னுதை ரைஃபிள்களில் அடிக்கடி வரும் புகார் இதுதான். பலர் எடுத்த எடுப்பில் ஸ்கோப்பைக் குற்றம்சாட்டி விற்றுவிடுகிறார்கள். ஸ்கோப்பைக் கடைசியாகச் சந்தேகியுங்கள். வரிசை முக்கியம், ஏனென்றால் ஒவ்வொரு படியும் அடுத்ததன் குழப்பத்தை நீக்குகிறது.

1. சுடுபவர். உண்மைத் தோட்டாக்களுக்கு நடுவே போலித் தோட்டாக்களை இன்னொருவர் கலந்து அடைக்கட்டும். போலி வரும்போது குழலின் வாய்முனை கீழே குனிந்தால் பயத்தில் இழுக்கிறீர்கள். இதற்கு எந்த ஸ்கோப்பும் மருந்தாகாது. சில நாள் சிறு காலிபரில் பழகிவிட்டு வந்து மறுபடி சோதியுங்கள்.

2. தோட்டா. ஒரே எடை என்றாலும் மென்முனைக் குண்டும் முழுக்கவச குண்டும் வெவ்வேறு இடத்தில் விழும். 50 மீட்டரில் தனித்தனியாக மூன்று மூன்று சுட்டு, இரண்டு துளைக் கூட்டங்களின் நடுப்புள்ளிகளையும் அளந்து பாருங்கள். 5 செ.மீ.க்குள் இருந்தால் பிழைப்பு நடக்கும். அதற்கு மேல் போனால் வேறு ஜோடியைத் தேட வேண்டும். இரண்டையும் கலந்து சுட்டுவிட்டு "ஜீரோ நிற்கவில்லை" (குறிபார்த்த இடத்தில் குண்டு விழும்படி செய்த அமைப்பு கலைகிறது) என்பவர்கள் நிறைய.

3. கட்டையைப் பிடிக்கும் திருகுகள். இவை தளர்ந்தால் ரைஃபிளே கட்டைக்குள் நகரும். மரக்கட்டை என்றால் ஈரப்பதம் மாறும் ஊருக்குப் போனதும் ஒருமுறை பாருங்கள்.

4. பேஸ் (ரிங் உட்காரும்படி ரைஃபிளின் மேல் பொருத்தும் அடித்தளம்) திருகுகள். ரிங்கைக் கழற்றாமல் இவற்றைப் பார்க்க முடியாது என்பதாலேயே தப்பித்துவிடுகின்றன. கழற்றுங்கள்.

5. ரிங்குக்குள் ஸ்கோப் வழுக்குகிறதா? பின் ரிங்கின் முன்விளிம்பை ஒட்டிக் குழாயில் பென்சிலால் மெல்லிய கோடு போடுங்கள். ஐந்து சூடு சுட்டபின் கோட்டுக்கும் ரிங்குக்கும் நடுவே முடி அகலம் இடைவெளி தெரிந்தால் வழுக்குகிறது. ரைஃபிள் பின்னால் பாயும், ஸ்கோப் நின்ற இடத்திலேயே நிற்கப் பார்க்கும். ஆகவே அது எப்போதும் முன்பக்கமாகத்தான் நகரும்.

6. இத்தனைக்கும் பிறகுதான் ஸ்கோப்பின் உள்பகுதி. ரைஃபிளை அசையாமல் பிடித்து, 50 மீட்டரில் கட்டம்போட்ட தாளைப் பார்த்தபடி ஸ்கோப்பின் குறிமாற்றும் திருகுகளை 40 கிளிக் வலது, 40 மேலே, 40 இடது, 40 கீழே திருப்புங்கள். ஒரு கிளிக் கால் எம்.ஓ.ஏ. (எம்.ஓ.ஏ. என்பது ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு) என்றால் ஒவ்வொரு பக்கமும் சுமார் 14.5 செ.மீ. நகர்ந்து, புறப்பட்ட புள்ளிக்கே திரும்ப வேண்டும். ஒரு தோட்டாகூடச் செலவாகாது. திரும்பவில்லை என்றால், அல்லது திருப்பியபின் விரலால் தட்டினால் ரெட்டிகிள் குதித்தால், உள்ஸ்பிரிங் போய்விட்டது, தயாரிப்பாளரிடம் அனுப்புங்கள்.

நான்காவது, ஐந்தாவது படிகள் ஏன் இவ்வளவு தொல்லை தருகின்றன என்பதைக் கணக்குப் போட்டால் புரியும். .375 ரைஃபிள் விநாடிக்கு ஏறத்தாழ 5 மீட்டர் வேகத்தில் பின்னுதைக்கிறது. அந்த வேகத்தை எட்டப் பெரும்பாலும் ஒன்றரை மில்லிசெக்கண்ட் போதும். அரைக் கிலோ ஸ்கோப்பை அதோடு சேர்த்து இழுக்க, சராசரியாக 1,600 நியூட்டனுக்கு மேல் விசை வேண்டும். அதாவது 160 கிலோ எடையைத் தொங்கவிட்டதற்குச் சமம். உச்சத்தில் இன்னும் கூடும். அத்தனையும் நான்கு சிறு திருகில் விழுகிறது. 300 கிராமுக்குள் அடங்கும் எளிய 1.5-5 ஸ்கோப்புக்கும், தடித்த குழாயும் மவுண்டும் (ரிங், பேஸ் சேர்ந்த பிடிப்பு) சேர்ந்து 800 கிராம் வரும் 1-8 ஸ்கோப்புக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் கடிக்கும். எங்கள் தீர்ப்பு: .416-க்கு மேலே போனால் எடை குறைந்ததே நல்லது, கூடுதல் மடங்குக்காக எடையைச் சுமக்காதீர்கள்.

சரிசெய்யும் முறை: பழைய 6-48 பேஸ் திருகுகள் 3.5 மி.மீ. தடிமன். நல்ல கன்ஸ்மித்திடம் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) கொடுத்து 4.2 மி.மீ. தடிமனுள்ள 8-40-ஆக மாற்றிக்கொள்ளுங்கள். பெரிய காலிபருக்கு இது வீண்செலவு இல்லை. துளையையும் திருகையும் அசிட்டோனால் எண்ணெய் போகத் துடையுங்கள். பேஸ் திருகில் மட்டும் நீல நிற, நடுத்தர வலிமைப் பூட்டுப் பசை ஒரு சொட்டு. இறுக்கம்: 6-48-க்கு 1.7 முதல் 2.3 நியூட்டன் மீட்டர், 8-40-க்கு 2.8 முதல் 3.2. ரிங்கின் மேல்மூடித் திருகுகளுக்கு 1.7 முதல் 2.0, குறுக்கு மாற்றாக, கொஞ்சம் கொஞ்சமாக, இருபுற இடைவெளியும் சமமாக இருக்கும்படி இறுக்குங்கள். மவுண்ட் தயாரிப்பாளர் வேறு அளவு சொன்னால் அதுதான் சரி. மேல்மூடித் திருகில் பசை போட வேண்டாம்: ஈரப் பசை உராய்வைக் குறைப்பதால் அதே அளவு காட்டும்போதே பிடி அதிகமாகிக் குழாய் நசுங்கலாம்.

பள்ளமுள்ள நீள்தண்டு பேஸ் என்றால், ரிங்கின் குறுக்குத் தண்டைப் பள்ளத்தின் முன்சுவரோடு ஒட்டித் தள்ளிப் பிடித்துக்கொண்டே இறுக்குங்கள். பின்சுவரோடு ஒட்டி இறுக்கினால் முதல் சில சூட்டில் ரிங்கே முன்னால் ஊர்ந்து, "ஜீரோ மாறிவிட்டது" என்று தோன்றும். ரைஃபிளின் உடலிலேயே பேஸ் செதுக்கப்பட்டு வரும் சி.இசட். 550, ரூகர் ஹாக்ஐ போன்றவற்றில் பேஸ் திருகுத் தொல்லையே இல்லை. புதிதாக ரைஃபிள் வாங்குபவர்கள் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம்.

அறிகுறி: பேஸ் பொருத்தியபின் போல்ட் கைப்பிடியைத் தூக்க இறுகுகிறது

முன் பேஸ் திருகு நீளம் அதிகம். அதன் முனை குழலின் அடிப்பகுதியில் அல்லது போல்ட் காதில் (போல்ட்டைப் பூட்டும் புடைப்பு) முட்டுகிறது. இறுக்கமாகத் தோன்றினாலும் பேஸ் உண்மையில் பிடிபடவில்லை. திருகை அரை மி.மீ. அளவாகக் குறைத்துக் குறைத்துப் பாருங்கள். போல்ட் தாராளமாக ஓட வேண்டும்.

அறிகுறி: சுட்ட தோட்டாக் கூடு வெளியே விழாமல் அறைவாயில் திரும்ப விழுகிறது

இரண்டாவது சூடு தேவைப்படும் வேட்டையில் இது உயிர்ப் பிரச்சினை. மவுசர் வகைப் போல்ட்டில் நீண்ட கூடு மேல்நோக்கித் துள்ளி, ஸ்கோப்பின் வலப்பக்கத் திருகுமூடியில் பட்டு உள்ளே திரும்புகிறது. மூடியில் பித்தளைக் கீறல் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் சந்தேகம் தீர்ந்தது. போலித் தோட்டாவை அடைத்து போல்ட்டை மெதுவாக, நடுத்தரமாக, ஓங்கி என மூன்று வேகத்திலும் இழுத்துச் சோதியுங்கள். மெதுவாக இழுக்கும்போது மட்டும் விழாவிட்டால் வேகமாக இழுக்கப் பழகுவதே தீர்வு. ஓங்கி இழுத்தும் திரும்பினால், ரிங்கை ஒரு படி உயர்த்தலாம். அல்லது ஸ்கோப்பைக் கால் சுற்றுத் திருப்பி, பக்கத் திருகு மேலேயும் மேல் திருகு இடப்பக்கமும் வரும்படி வைக்கலாம். அப்படித் திருப்பினால் மேல்கீழ், இடவலம் இரண்டும் இடம் மாறும். சீட்டு எழுதிக் கட்டையில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

அதே சோதனையின்போது போல்ட் கைப்பிடி பின்கண்ணாடியில் உரசுகிறதா, பாதுகாப்புப் பூட்டு முழுசாகப் புரள்கிறதா, மேலிருந்து தோட்டா அடைக்கக் கட்டைவிரல் நுழைகிறதா என்பதையும் முடித்துவிடுங்கள். கழற்றும் நெம்புகோல்கள் எப்போதும் இடப்பக்கம்.

அறிகுறி: ஸ்கோப்பின் கண் இடைவெளி சரிவரும் இடத்துக்கு ரிங் எட்டவில்லை

ரிக்பி போன்ற நீளமான தோட்டாவுக்கான நீண்ட உடலும், குட்டையான 1-4 ஸ்கோப்பும் சேரும்போது வருவது. இரண்டு பேஸுக்கும் இடையே உள்ள தூரம் பெரிது, குழாயின் நேர்ப்பகுதி சிறிது. வாங்கும் முன் பேஸ் இடைவெளியை அளந்து, ஸ்கோப்பின் நேர்க்குழாய் நீளத்தோடு ஒப்பிடுங்கள். வாங்கிவிட்டீர்கள் என்றால் முன்னோக்கி நீளும் வளைரிங் ஒன்றே வழி.

அறிகுறி: கழற்றி மாட்டினால் ஜீரோ மாறுகிறது

கழற்றக்கூடிய மவுண்ட் இந்த ரைஃபிள்களுக்கு ஆடம்பரம் இல்லை. ஸ்கோப் உடைந்தாலும், மழையில் மங்கினாலும், அயர்ன் சைட்டுக்குப் போக அதுதான் கதவு. ஆனால் பிடிபரப்பில் ஒரு மணல் துகள் இருந்தாலே போதும், மாறிவிடும். மாட்டும் முன் இரண்டு பரப்பையும் துடையுங்கள், முன்னால் தள்ளிப் பிடியுங்கள், நெம்புகோல்களை ஒவ்வொரு தடவையும் அதே வரிசையில், அதே அழுத்தத்தில் மூடுங்கள். மூன்று சூடு, கழற்றல், மாட்டல், மறுபடி மூன்று சூடு. 50 மீட்டரில் இரண்டு கூட்டங்களும் 3 செ.மீ.க்குள் விழுந்தால் நம்பலாம். கழற்றியபின் பேஸ் அயர்ன் சைட்டை மறைக்கிறதா என்பதையும், அயர்ன் சைட் உண்மையிலேயே குறியில் இருக்கிறதா என்பதையும் சுட்டே பாருங்கள். இதைப் பார்க்காமல் கிளம்புபவர்கள் அதிகம்.

அறிகுறி: சிவப்புப் புள்ளி தெரியவில்லை, அல்லது சிதறித் தெரிகிறது

ரெட் டாட் (உருப்பெருக்காமல், சிவப்புப் புள்ளியைக் குறியாகக் காட்டும் கருவி) கிட்டச் சூட்டுக்கு மிக வேகமானது. கண் இடைவெளிக் கவலையும் கிடையாது. அதன் கோளாறுகள் தனி.

நிழலில் நின்று வெயிலில் நிற்கும் விலங்கைப் பார்க்கும்போது புள்ளி கரைந்துபோனால், அது தானியங்கி வெளிச்சம். உணரி உங்கள் இடத்து வெளிச்சத்தை அளந்து மங்க வைக்கிறது. கையால் ஏற்றி இறக்கும் வகையை எடுங்கள்.

புள்ளி நட்சத்திரமாக, வால்நட்சத்திரமாகச் சிதறினால் தலையைப் பக்கவாட்டில் சாய்த்துப் பாருங்கள். சிதறலும் கூடவே சுழன்றால் உங்கள் கண்ணில் சிதறல் பார்வை (ஆஸ்டிக்மாட்டிசம்) இருக்கிறது, கருவியில் குறை இல்லை. வெளிச்சத்தைக் குறைத்தால் கொஞ்சம் அடங்கும். அடங்காவிட்டால் கண்ணாடியில் பொறித்த ரெட்டிகிள் உள்ள 1-4 ஸ்கோப்புக்கு மாறுங்கள்.

மழையில் புள்ளி திடீரென மறைந்தால் திறந்த வகை: விளக்கின் மேல் நீர்த்துளி நிற்கிறது. மூடிய குழாய் வகையில் இது வராது. புள்ளியின் அளவு 4 எம்.ஓ.ஏ. என்றால் 50 மீட்டரில் 5.8 செ.மீ. மறைக்கும், இந்த வேலைக்கு அது பெரிதல்ல. பேட்டரியை ஒவ்வொரு பயணத்துக்கும் புதிதாகப் போட்டு, மாற்றாக ஒன்று கட்டைப் பையில் இருக்கட்டும்.

அறிகுறி: அந்தி நேரத்தில் குறுக்குக்கோடு காணாமல் போகிறது

கோடு மெல்லியது, அல்லது அது முதல் குவித்தளத்தில் இருக்கிறது. முதல் குவித்தள ரெட்டிகிள் மடங்கைக் குறைத்தால் தானும் சுருங்கும். 1 மடங்கில் நூலாகிவிடும். இந்த ரைஃபிளுக்கு இரண்டாம் குவித்தளம், தடித்த கால்கள் உள்ள ஜெர்மன் 4 போன்ற ரெட்டிகிள் வேண்டும். விளக்கு இருந்தால், அணைத்த நிலையிலிருந்து மெல்ல ஏற்றி, தெரிய ஆரம்பித்ததும் நிறுத்துங்கள். அதற்கு மேல் போனால் விளக்கின் ஒளியே சிறுத்தையை விழுங்கிவிடும்.

படமே இருட்டாக இருந்தால் மடங்கைக் குறையுங்கள். முன்கண்ணாடி விட்டத்தை மடங்கால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம்: 24 மி.மீ. கண்ணாடி 6 மடங்கில் 4 மி.மீ., 4 மடங்கில் 6 மி.மீ. மறைவிடத்திலிருந்து அந்தியில் சிறுத்தைக்காகக் காத்திருப்பவர்களுக்கு மட்டும் 42 அல்லது 50 மி.மீ. கண்ணாடியுள்ள இரண்டாவது ஸ்கோப், தனக்கென்று கழற்றும் ரிங்கோடு, தனியாக ஜீரோ செய்து வைத்திருப்பது தகும்.

அறிகுறி: கண்ணாடி மங்குகிறது

துடைத்தால் போய்விட்டால் வெளிப்பனி. குளிரூட்டிய அறையிலிருந்து ஈரக்காற்றுக்கு வந்த ரைஃபிள் சூடேறும்வரை இப்படித்தான் இருக்கும். புறப்பட அரை மணி நேரம் முன்னதாகவே வெளியே வைத்துவிடுங்கள். துடைத்தும் போகாவிட்டால் உள்ளே அடைத்த வாயு கசிந்து ஈரம் புகுந்துவிட்டது. அதை வெயிலில் காயவைத்துச் சரிசெய்ய முடியாது. கழற்றிவிட்டு அயர்ன் சைட்டுக்குப் போங்கள்.

அறிகுறி: பயணம் முடிந்து முகாமில் சுட்டால் குறி தள்ளிப்போயிருக்கிறது

உடனே ஸ்கோப்பின் குறிமாற்றும் திருகைத் திருப்பாதீர்கள். முதலில் ரிங், பேஸ், கட்டைத் திருகு மூன்றையும் கையால் அசைத்துப் பார்த்து இறுக்கம் சோதியுங்கள். பென்சில் கோடு இருந்த இடத்திலேயே இருக்கிறதா? இருந்தால் மட்டும், மூன்று சூடு சுட்டு, கூட்டத்தின் நடுவிலிருந்து கணக்கிட்டுக் கிளிக் மாற்றுங்கள். ஒற்றைச் சூட்டை நம்பித் திருப்பினால் துரத்திக்கொண்டே இருக்க வேண்டிவரும். 300 கிரெயின் (சுமார் 19.4 கிராம்) குண்டு போடும் .375-ஐ, ஸ்கோப் நடு குழல் நடுவிலிருந்து 4 செ.மீ. உயரத்தில் இருக்கும்படி 100 மீட்டரில் ஜீரோ செய்தால், 25 முதல் 100 மீட்டர் வரை குறியிலிருந்து 2 செ.மீ.க்கு மேல் விலகாது. .458-க்கு 50 மீட்டர் ஜீரோ போதும். கடைசி மூன்று தோட்டாக்களை மேசையை விட்டு எழுந்து, குச்சியில் வைத்து நின்று சுடுங்கள். வேட்டையிலும் அப்படித்தான் சுடப்போகிறீர்கள்.